படலையைச் சாத்திச் செல்பவர்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் மகிழ்ந்துபோவார். அந்த மகிழ்ச்சியை அவருக்கு அளிக்க எனக்கு விருப்பமில்லை. என் மனைவியின் தம்பி என்ற அளவில் அவரை அறிந்துகொண்டால் போதும். ஒஸ்லோத் தமிழர்களில் பாதிப் பேருக்கு இதிலிருந்தே ஆளைத் தெரிந்துவிடும். மற்றப் பாதிப் பேர் அவரை ஏதாவதொரு காட்டுக்குள் சந்தித்திருப்பார்கள்.

சந்தித்த விதமும் ஒன்றாகவே இருந்திருக்கும். தொலைவில் ஒரு செம்மஞ்சள் காற்றுச்சட்டை தெரியும். முதுகில் பை, கையில் கூடை, தலையில் கம்பளித் தொப்பி. அருகில் வருமுன்பே, முன்பின் அறியாதவர்களுக்கும் "ஹை ஹை!" என்று நோர்வேஜியர் பாணியில் ஒரு முகமன். நகரத்துத் தெருக்களில் ஒருவரையொருவர் ஏறெடுத்தும் பாராத இந்நாட்டவர், காட்டுப்பாதையில் மட்டும் முகமன் கூறிக்கொள்வர். அந்த வழக்கத்தை அவர் பற்றிக்கொண்ட வேகத்தில் நம்மவர் வேறெதையும் பற்றிக்கொண்டு நான் கண்டதில்லை, மொழியைக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மற்றத் தமிழர்கள் வேட்டியும் சேலையுமாகக் கோயிலுக்குப் புறப்படும்போது, அவர் நிலையத்தின் எதிர்ப்பக்க மேடையில் நின்று, காட்டுக்குப் போகும் ரயிலுக்காகக் காத்திருப்பார். "தூர்" போவதாகச் சொல்வார். உலாவுக்கு இந்நாட்டார் வழங்கும் சொல் அது. அவர் வாயில் அது ஒரு விரதத்தின் பெயர்போல ஒலிக்கும். கோயிலுக்கு வந்த அரிய நாட்களிலும் வேட்டிக்குள் கம்பளி உள்ளாடை அணிந்திருப்பார். யாரும் கேளாமலே வேட்டியை ஒரு சாண் உயர்த்திக் காட்டுவார்.

"கெட்ட காலநிலை எண்டு ஒண்டு இல்லை அண்ணை. கெட்ட உடுப்புத்தான் இருக்கு."

இந்நாட்டில் பாலர் பள்ளிக் குழந்தைகளும் அறிந்த அவ்வாசகத்தை, அன்று காலையில்தான் தாமே கண்டுபிடித்தவரைப்போல் கூறுவார்.

இவை கோமாளித்தனங்கள். பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க இயலாதது வேறொன்று. அவருக்கு வேலி என்பது விளங்காது.

நோர்வேயில் ஒரு பழைய உரிமை உண்டு. காடும் மலையும் யாருக்குச் சொந்தமாயினும் எவரும் அங்கே நடக்கலாம், பெரிப் பழம் பறிக்கலாம், காளான் பொறுக்கலாம், வீடுகளுக்கு அருகில் இல்லையெனின் ஓர் இரவு கூடாரமும் அடிக்கலாம். பயிர்நிலத்தை மிதிக்கலாகாது, திறந்த படலையை, அதாவது வேலிக் கதவை, சாத்திவிட்டுப் போகவேண்டும் என்பன அவ்வுரிமையோடு சேர்ந்த கடமைகள். நாகரிகமானதோர் ஏற்பாடு என்பதை நானும் ஏற்கிறேன். அவரோ அதை ஒரு நாட்டின் சட்டமாகக் கொள்ளவில்லை. சூரியன் கிழக்கே உதிப்பதுபோன்ற உலக நியதியாகக் கொண்டார். கொண்டவர் அதைக் காட்டோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை.

நாங்கள் நெடுங்காலம் ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில் ஒரே மாடிக் குடியிருப்பில், ஒரே படிக்கட்டில் வசித்தோம். என் வீட்டுக் கதவை அவர் ஒருநாளும் தட்டியதில்லை. திறந்துகொண்டு வருவார். வந்தவர் முதலில் குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பார். பிறகுதான் என்னைப் பார்ப்பார். நான் வாசித்துக்கொண்டிருக்கும் செய்தித்தாளின் நடுத்தாளை உருவிக்கொள்வார். என் குடை பல தடவை அவருடன் மலையேறியிருக்கிறது. வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவில், அதன் பொறுப்பாளர் என்ற முறையில் எனக்கு ஒதுக்கப்பட்ட முன்வரிசை நாற்காலியில் அவர் அமர்ந்திருக்க, நான் நின்றவாறே இறைவணக்கம் கேட்ட ஆண்டும் உண்டு.

"ஐஸே, அது எனக்கு வைச்ச கதிரை" என்றேன்.

"இருங்கோ அத்தான், பக்கத்திலை ஒண்டு வெறுமையாத்தானே கிடக்கு" என்றார். பக்கத்தில் கிடந்தது பிரதம விருந்தினரின் கதிரை.

அவருடைய வீடும் அப்படியே திறந்து கிடக்கும் என்பதை என் மனைவி ஒரு சிறப்பாக எடுத்துச் சொல்வாள். திருடுவதற்கு அங்கே பனிச்சறுக்குக் கட்டைகளும் உலர்ந்த காளானும் தவிர வேறொன்றும் இருந்ததில்லை.

ஒருமுறை ஒஸ்லோவுக்கு அருகே லில்லெஸ்ட்ரோமில் உறவினர் ஒருவரின் வீடு குடிபுகுதல். பால் பொங்கும் நேரத்தில் ஆளைக் காணவில்லை. தேடிப் போனால், அயல்வீட்டு நோர்வேஜியரின் தோட்டத்துக்குள், அவர்களுடைய வாங்கில் அமர்ந்து, தமது தேர்மோஸிலிருந்து கோப்பி குடித்துக்கொண்டு, அவர்களுடைய அப்பிள் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரி முகம் சிவக்க வெளியே வந்தாள். நான் வேலிக்கு இப்பால் நின்று தலை குனிந்தேன். சற்று நேரத்தில் அந்தப் பெண் உள்ளே போய் ஒரு தட்டில் கேக் கொண்டுவந்து அவருக்குக் கொடுத்தாள். இத்தகையவர்கள் தாமாக உருவாவதில்லை, ஊக்குவிப்பவர்களும் இருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவர் இவ்வாறு ஆனதுதான் எனக்கு வியப்பு. வேலி எங்கள் நாகரிகத்தின் இலக்கணம். வேலியில் நட்ட ஒரு கதியால் ஒரு சாண் நகர்ந்தமைக்காகத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறிய மக்கள் நாங்கள். நகைப்பவர்கள் நகைக்கட்டும், எது என்னுடையது, எது உன்னுடையது என்று அறிந்தவர்களுக்கிடையில்தான் மரியாதை நிலைக்கும் என்பது என் கருத்து. இவருடைய தகப்பனாரே ஒரு வேலி வழக்கில் தமது ஆயுளைச் செலவிட்டவர்.

"அப்பு அந்த வேலியோடையே போய்ச் சேர்ந்தவர். அதுதான் தம்பி இப்பிடி" என்று என் மனைவி ஒருநாள் சொன்னாள்.

"தகப்பன் தன்ரை வேலிக்குச் சண்டை பிடிச்சவர். இவர் மற்றவையின்ரை வேலியை மிதிக்கிறார். ரெண்டும் ஒண்டோ?" என்றேன்.

இவ்வளவும் நோர்வேக்குள் நிகழ்ந்தவரை, அது எங்கள் குடும்பத்தின் உள்வீட்டு அவமானமாகவே இருந்தது. பிரான்சுக்குப் போனபோதுதான் அது எல்லை கடந்தது.

என் ஒரே மகள் பிரான்சில் வளர்ந்த தமிழ் இளைஞன் ஒருவனை விரும்பினாள். நல்ல பிள்ளை, படித்த பிள்ளை. அவனுடைய பெற்றோர் பாரிஸில் இல்லை. நாட்டின் தென்மேற்கில், ஆற்றோரச் சுண்ணாம்புப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கிராமத்தில், அங்குள்ள ஒரேயொரு பலசரக்குக் கடையை நடத்தி வந்தார்கள். கடைக் கட்டடம் கிராம சபைக்குச் சொந்தம். முன்பு நடத்திய பிரெஞ்சுக்காரர் கைவிட்ட கடையை, பாரிஸ் உணவக அடுக்களைகளில் வெந்து சலித்த இந்த மனிதர் ஏற்று, வயோதிபர்களின் வாசல்வரை பாணைக் கொண்டுபோய்க் கொடுத்து, அவ்வூரின் நம்பிக்கையைச் சிறுகச் சிறுகச் சம்பாதித்திருந்தார். அந்த ஊரில் அவர்கள் மட்டுமே தமிழர்.

பிள்ளைகள் தங்களுக்குள் முடிவு செய்திருந்தார்கள். ஆயினும் பையனின் தாயார், பெண்ணின் குடும்பத்தை நேரில் பாராமல் தாம் சம்மதிக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். அது முறையான பேச்சு. எனக்கு அவர்மீது மதிப்பு உண்டாயிற்று. பெற்றோர் மனம் ஒப்பாத திருமணத்துக்கு என் மகள் அழைத்துச் செல்லப்படுவதை நானும் விரும்பவில்லை. இலையுதிர்காலத்தில் ஒரு வார இறுதிக்கு எங்களை அழைத்தார்கள்.

"தம்பியும் வரவேணும்" என்றாள் மனைவி.

"எதுக்கு?"

"இஞ்சாருங்கோ, தாய்மாமன் இல்லாமல் ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ரை கலியாணக் கதையோ? ஆரும் கேட்டால் என்ன சொல்லுறது?"

வேலியால் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு விமானம் ஏறினோம்.

முதல்நாள் ஊரைக் காட்டினார்கள். காட்சிகளில் குறையொன்றும் சொல்வதற்கில்லை. தேன்நிறக் கல்லால் கட்டிய வீடுகள், தாழ்ந்த வாசலுடைய ஒரு பழைய தேவாலயம், வளைந்தோடும் ஆறு, உச்சியில் பாதி இடிந்த ஒரு கோட்டை. சந்தையில் வாதுமைக்காய்களைக் குவித்து வைத்திருந்தார்கள். பையனின் தகப்பனாரைக் கண்ட ஒவ்வொரு வியாபாரியும் கை குலுக்கினார். என்னைப் பெண்ணின் தகப்பன் என்றும், யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியராயிருந்தவர் என்றும் அவர் அறிமுகப்படுத்தினார். நான் சாம்பல்நிறக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்தேன். அவர்கள் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

எங்கள் ஆள், கோட்டை வாசலில் நுழைவுச்சீட்டுக் கூடத்தைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"மலையிலை ஏறுறதுக்கு ரிக்கெற்றோ? இது என்ன அண்ணை அநியாயம்! மலையை இவையே கட்டினவை?"

"கோட்டையைக் கட்டினவையெல்லோ தம்பி" என்றார் பையனின் தகப்பனார், சிரித்தவாறு.

உள்ளே, பிரபு அமர்ந்திருந்த கல்லாசனத்தைக் கயிறு கட்டித் தடுத்திருந்தார்கள். நான் சுவரிலிருந்த கேடயங்களை நோக்கிவிட்டுத் திரும்பியபோது, அவர் கயிற்றுக்கு அப்பால், அந்த ஆசனத்தில், முழங்காலில் கூடையுடன் இருந்தார். "நல்ல காத்து அத்தான். பிரபு சும்மாவே இஞ்சை இருந்தவன்?" காவற்பெண் வந்து எழுப்பினாள். ஆற்றங்கரையில், பருவம் முடிந்து கவிழ்த்து அடுக்கியிருந்த சிறு தோணிகளில் ஒன்றை நிமிர்த்தி, அடிப்புறத்தைத் தட்டிப் பார்த்தார். பையனின் தாயார் என் மனைவியை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வையை நான் கவனித்தேன்.

மறுநாள் ஞாயிறு. காலையில் கடை திறக்கவேண்டியிருந்ததால் அவர்களால் எங்களுடன் வர இயலவில்லை. பையனின் தகப்பனார் கடைவாசலில் நின்று வழி சொன்னார்.

"ஆத்தங்கரைப் பாதையாலை போனால் நல்ல வடிவு மாஸ்ரர். மரங்களிலை மஞ்சள் கோடு போட்டிருக்கும். அதைப் பிடிச்சுக்கொண்டே போங்கோ. பாதையை விட்டு மட்டும் இறங்காதேங்கோ."

அவர் அதை என்னிடம்தான் சொன்னார். கண்கள் மட்டும் செம்மஞ்சள் சட்டையின்மீது இருந்தன.

கொஞ்சத் தூரம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஆற்றின் வளைவில் ஓர் இரும்புப் படலை. அதற்கப்பால் ஓக் மரக் காடு. படலையிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு மரத்தடியில், பழுப்புத் தலையும் தடித்த தண்டுமாக ஒரு காளான் நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அவர் மூச்சை இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது.

பாடசாலையில் பிரெஞ்சு படித்த என் மகள் படலையிலிருந்த பலகையை வாசித்தாள். "மாமா, தனியார் இடமெண்டு போட்டிருக்கு."

"அது கார் கொண்டு வாறவைக்குப் பிள்ளை."

"வேட்டை நடக்குது, கவனமெண்டும் போட்டிருக்கு."

"அது மிருகங்களுக்கு."

"பகிடி விடாதேங்கோ மாமா. இஞ்சை அல்லெமன்ஸ்ரெத் இல்லை" என்றாள் அவள், அந்த நோர்வே உரிமையின் பெயரைச் சொல்லி.

"காடு இருக்கெல்லோ? காடு இருந்தால் அதுவும் இருக்கும்."

கொழுக்கியைக் கழற்றி உள்ளே போய்விட்டார். நான் தெளிவாக ஆட்சேபித்தேன். அதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். என் மனைவி, "தம்பி, நில்லடா" என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் போனாள். தாயைத் தனியே விடமாட்டாமல் மகள் போனாள். பெண்களை அவருடைய பொறுப்பில் விட முடியாது என்பதனால் நானும் போகவேண்டியதாயிற்று. எல்லோரும் உள்ளே வரும்வரை அவர் படலையைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு கொழுக்கியைக் கவனமாக மாட்டினார். "படலையைச் சாத்த வேணும் அத்தான். இல்லாட்டில் மாடு வெளியாலை போயிடும்" என்றார். அங்கே மாடு எதுவும் இல்லை.

கூடை நிரம்பிக்கொண்டிருந்தபோது வெடிச்சத்தம் கேட்டது. மிக அண்மையில். என் மகள் என் கையைப் பற்றிக்கொண்டாள். குழந்தையாயிருந்த காலத்துக்குப் பிறகு அவள் அவ்வாறு பற்றியது அன்றுதான். அடுத்து நாய்கள் வந்தன. பின்னால், செம்மஞ்சள் மேலங்கி அணிந்த வேட்டைக்காரர் சிலர் ஓடிவந்தனர். அவர்களுக்கு நடுவே, மடித்த துப்பாக்கியைக் கைமடிப்பில் தாங்கிய, நரைத்த மீசையுடைய முதியவர் ஒருவர். கோபத்தில் அவர் முகம் வெளிறியிருந்தது.

எங்கள் ஆள் கையை உயர்த்தினார். "ஹை ஹை!"

முதியவர் பேசத் தொடங்கினார். மகள் தாழ்ந்த குரலில் மொழிபெயர்த்தாள். "இது அவருடைய காணியாம் அப்பா. பன்றி கலைச்சுக்கொண்டு வந்தவையாம். இன்னும் கொஞ்சம் இஞ்சாலை நிண்டிருந்தால் எங்களிலை பட்டிருக்குமாம். காளானும் அவருடையதாம். ஆர் எங்களைக் கூட்டிக்கொண்டு வந்ததெண்டு கேக்கிறார்."

அந்நேரத்தில் எங்கள் ஆள் செய்ததை எழுதுகிறேன், வாசகர் தீர்மானிக்கட்டும். தமது பையைத் திறந்து நோர்வேயின் பழுப்புச் சீஸையும் வெட்டும் கத்தியையும் எடுத்தார். ஒரு துண்டைச் சீவி முதியவரிடம் நீட்டினார். மற்றக் கையை என் பக்கம் காட்டி, தமது ஆங்கிலத்தில், இவர்தான் எங்கள் குடும்பத் தலைவர், பெரிய பேராசிரியர் என்றார்.

கழுத்துப்பட்டியுடனும் சேறு படிந்த சப்பாத்துடனும் நின்ற என்னை முதியவர் மேலும் கீழுமாகப் பார்த்தார். அதன்பின் அவர் பேசியதெல்லாம் என்னை நோக்கியே. ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை, எல்லாம் விளங்கியது.

அவர் தொலைபேசியில் யாரையோ அழைத்தார். சிறிது நேரத்தில், பாண் விநியோகிக்கும் சிறு வாகனத்தில், கடை ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பையனின் தகப்பனார் வந்து இறங்கினார். அந்த முதியவரே ஊரின் மேயர் என்பதும், கடைக் கட்டடத்தின் குத்தகையைப் புதுப்பிக்கும் சபைக்குத் தலைவர் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. பையனின் தகப்பனார் தொப்பியைக் கழற்றினார். இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, முதுகு வளைய நின்று, மீண்டும் மீண்டும் ஒரே சொல்லைச் சொன்னார். மன்னிப்புக் கேட்கும் சொல் எந்த மொழியிலும் அடையாளம் தெரியும். முன்தினம் சந்தையில் நிமிர்ந்து கை குலுக்கிய மனிதர் அவர். அந்த வளைந்த முதுகை நான் இன்றுவரை மறக்கவில்லை. கூடையை வாங்கி மேயரின் காலடியில் வைத்தார். சீஸ் துண்டு மட்டும் இன்னும் நீட்டியபடியே இருந்தது. மேயர் அதை ஏன் வாங்கினார் என்பது எனக்குத் தெரியாது. வாங்கி, பாதியை நாய்க்குக் கொடுத்துவிட்டு, மீதியை வாயிலிட்டார்.

திரும்பும் வழியில் வாகனத்துக்குள் பாண் மணம் நிறைந்திருந்தது.

"மாஸ்ரர்" என்றார் பையனின் தகப்பனார், வீதியைப் பார்த்தபடியே. "இஞ்சை நாங்கள் ஒரேயொரு தமிழ்க் குடும்பம். ஆர் வந்து என்ன செய்தாலும், அது நான் செய்தது."

"விளங்குது" என்றேன். வேறென்ன சொல்ல?

பின்னாலிருந்து குரல் வந்தது. "அந்த மனிசன் நல்ல மனிசன் அண்ணை. சீஸ் திண்டவர், பாத்தனியளோ? கூடையைத்தான் குடுத்திருக்கக் கூடாது. அவ்வளவும் முதல்தரக் காளான்."

"நீர் வாயை மூடிக்கொண்டு இரும்" என்றேன். என் வாழ்நாளில், அந்நியர் முன்னிலையில் உறவினர் ஒருவரை நான் அவ்வாறு அதட்டியது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

விடைபெறும்போது பையனின் தாயார், "யோசிச்சுச் சொல்லுறம்" என்றார். அந்தச் சொல்லின் பொருளை எங்கள் சமூகத்தில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

அந்தக் குளிர்காலம் நீண்டது. மகள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். "நீங்கள் ஆரும் சம்மதிக்காட்டிலும் நாங்கள் கலியாணம் எழுதுவம் அப்பா" என்று ஒருநாள் சொன்னாள், சொல்லிவிட்டு அழுதாள். கோயிலில் இருவர் என்னிடம், "மகளின்ரை விசயம் என்ன மாதிரி மாஸ்ரர்?" என்று கேட்டார்கள். செய்தி ஒஸ்லோவுக்கு வந்துவிட்டது என்று விளங்கியது. அதைக் கொண்டுவந்தவரும் வேறு யாருமல்லர். வேட்டை நாய்களுக்கு நடுவே தாம் காளான் பொறுக்கிய கதையை, படமும் காட்டி, மண்டபம் மண்டபமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கதையில் துப்பாக்கிகளின் எண்ணிக்கை வாரந்தோறும் கூடியது. நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். அந்தப் படிக்கட்டில் முதன்முறையாக என் கதவை உட்புறம் பூட்டிக்கொண்டேன். அவர் வந்து கைபிடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூட்டு இறுகிப்போச்சுப்போலை அக்கா, எண்ணெய் விடுங்கோ" என்று வெளியே நின்று சொல்லிவிட்டுப் போனார்.

பனி உருகத் தொடங்கிய காலத்தில் ஒரு மாலை பையனின் தகப்பனார் தொலைபேசியில் அழைத்தார்.

"மாஸ்ரர், ஒரு உதவி வேணும்."

"சொல்லுங்கோ."

"மேயர் நேற்றுக் கடைக்கு வந்தவர். உன்ரை மகன்ரை கலியாணத்துக்கு உங்கடை சனம் கனபேர் வருங்களெல்லோ எண்டு கேட்டவர். ஓமெண்டன். அப்ப அந்தப் படலையிலை உங்கடை பாஷையிலையும் ஒரு பலகை போடவேணுமாம். அது பகிடியோ கோவமோ எனக்கு விளங்கேல்லை. ஆனா போடத்தான் வேணும்." குரலைத் தாழ்த்தினார். "எங்கடை தமிழ் கொச்சையாப் போச்சு மாஸ்ரர். வசனத்தை நீங்கள்தான் எழுதித் தரவேணும்."

கலியாணம் என்ற சொல் அவர் வாயில் வந்ததை நான் கவனித்தேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

அன்றிரவும் மறுநாளும் அந்த வாசகத்தை எழுதினேன். "உள்ளே வராதே" என்பது நாயை விரட்டுவது. "தயவுசெய்து வராதீர்கள்" என்பது கெஞ்சுவது. "நுழையாதீர்" என்பதில் செய்யுள் வாடை வீசியது. பிரெஞ்சுக்காரர்களுக்கு ஓரெழுத்தும் விளங்காது என்பது உண்மை. ஆயினும் ஒரு மொழி அந்நிய ஊரில் முதன்முதலாகக் கால்வைக்கும்போது பிழையின்றி வைக்கவேண்டும். இறுதியில் இவ்வாறு அமைத்து அனுப்பினேன்:

இது தனியார் நிலம். உரியவரின் அனுமதியின்றி உட்புகுதல் கூடாது.

அடுத்த நாள் பதில் வந்தது. "வசனம் திறமாயிருக்கு மாஸ்ரர். என்ரை மனிசியும் வாசிச்சவ. கலியாணத்துக்கு ஒரு நல்ல நாளைப் பாருங்கோ."

என் மகளின் திருமணம் அந்தப் பலகையின்மேல் நிறைவேறியது என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. விலை கொடுக்கப்பட்டது, கொடுத்தவன் நான்.

கோடையில், அவ்வூர்ச் சபை மண்டபத்தில் பதிவுத் திருமணம். மூவர்ணப் பட்டியைத் தோளில் அணிந்து நின்ற அதே மேயர், இருவரையும் கணவன் மனைவியாக அறிவித்தார். பையனின் தகப்பனார் நிமிர்ந்து நின்றார். எங்கள் ஆளைக்கூட, என் மனைவி பட்டுவேட்டி உடுக்க வைத்து, நடுவரிசையில் இரு பெரிய அத்தைமாருக்கு இடையில் இருத்தி வைத்திருந்தாள். விழா முடிந்து எல்லோரும் முற்றத்துக்கு வந்தபோது மேயர் என்னிடம் வந்து கை குலுக்கினார். சுற்றிலும் பார்த்துவிட்டு எதையோ கேட்டார். புதுமணப்பெண் மொழிபெயர்த்தாள்.

"சீஸ்காரர் எங்கை எண்டு கேக்கிறார் அப்பா."

நானும் பார்த்தேன். அத்தைமார் இருவரும் பலகாரத் தட்டோடு நின்றார்கள். நடுவில் ஆள் இல்லை.

மரியாதைக்கு ஒரு புன்னகையை உதிர்த்து, எவருக்கும் சொல்லாமல், ஆற்றங்கரைப் பாதையில் நடந்தேன். வயதுக்கு ஒவ்வாத வேகத்தில் நடந்தேன் என்றே சொல்லவேண்டும். வளைவில் திரும்பியதும் கண்டேன். பட்டுவேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் எங்கிருந்தோ எடுத்த ஒரு கூடையுடன், அவர் படலையின் முன் நின்றுகொண்டிருந்தார். பிரெஞ்சுப் பலகைக்குக் கீழே, வெள்ளை நிறத்தில் கறுப்பு எழுத்துகளில், புதிய பலகை. அவர் அதை விரலால் தொட்டுத் தொட்டு, உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், வாங்கோ, வாங்கோ! இஞ்சை பாருங்கோ, தமிழ் போட்டிருக்கு! இந்த ஊருக்குள்ளை தமிழ்!" அவர் குரலில் உண்மையான பெருமை இருந்தது. "என்னாலைதான் போட்டவங்கள், தெரியுமோ? நான் வராட்டில் இது வந்திருக்குமே?"

நான் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டேன்.

"நல்ல தமிழ். ஒரு பிழை இல்லை. ஆர் எழுதினதெண்டு தெரியேல்லை."

எழுதியவனை நான் காட்டிக்கொடுக்கவில்லை.

அவர் கொழுக்கியில் கை வைத்தார்.

"ஐஸே!" என்றேன். "இப்பதானே வாசிச்சனீர்!"

"ஓம் அத்தான்." என் அறியாமைக்காக இரங்குபவரைப்போல் அவர் சிரித்தார். "அது புதுசா வாற ஆக்களுக்கு."

உள்ளே போனார். போனவர் நின்றார், எனக்காகப் படலையைப் பிடித்தபடி சிறிது நேரம் காத்திருந்தார். நான் அசையவில்லை. அவர் தோளைக் குலுக்கிவிட்டு, படலையை மெதுவாகச் சாத்தி, கொழுக்கியை மாட்டி, அது சரியாக விழுந்ததா என்று ஒருமுறை அசைத்தும் பார்த்துவிட்டு, ஓக் மரங்களுக்குள் நடந்தார்.

நான் வெளியே நின்றேன். என் முகத்துக்கு நேரே என் வாக்கியம் தொங்கிக்கொண்டிருந்தது.